தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவமனைகளில் கை மாற்று அறுவைச் சிகிச்சைத் திட்டம் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்தத் திட்டத்திற்காகக் கூடும் முதல் கூட்டத்தில் பேச்சு எப்போதும் அறுவை அரங்கைச் சுற்றியே ஓடும். எந்த நுண்ணோக்கி வாங்கலாம், யாரைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்பதிலேயே மதியமாகிவிடும். அறுவைச் சிகிச்சை ஓர் இரவோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஓராண்டு தினசரிப் பயிற்சியும், ஆயுள் முழுவதற்கும் மாத்திரையும் காத்திருக்கின்றன. திட்டங்கள் தடுக்கி விழுவது அங்கேதான். எனவே, கடைசியில் தேவைப்படுபவற்றை முதலில் கட்டும் வரிசையில் இதை எழுதுகிறேன். வாசிப்பவர் மருத்துவமனைத் தலைவராகவோ, பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணராகவோ, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகவோ இருக்கலாம் என்று கொள்கிறேன்.

1. துண்டான கையை ஒட்டும் பிரிவு ஓராண்டு ஓடட்டும்

இறந்தவரின் கையைப் பொருத்துவதற்கு முன், உயிரோடு இருப்பவரின் துண்டான கையை அவருக்கே திரும்ப ஒட்டும் பிரிவு இரவும் பகலும் இயங்க வேண்டும். நம் பகுதியில் அதற்கு நோயாளிகள் குறைவில்லை. ஓசூர் தொழிற்பேட்டையின் பிரஸ் இயந்திரங்கள், கிரானைட் குவாரிகள், கரும்பு பிழியும் ஆலை, மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் என்று கைகளைப் பறிப்பவை நிறைய இருக்கின்றன.

இரண்டுக்கும் ஒரே நுண்ணோக்கி, ஒரே இரவுப் பணிப் பட்டியல், ஒரே பிசியோதெரபிப் பிரிவுதான். விரலின் ஒரு மில்லிமீட்டர் தமனியை விடியற்காலை மூன்று மணிக்குத் தைக்க ஆள் இல்லாத மருத்துவமனை, கை மாற்றைப் பற்றிப் பேசுவது வீண்.

இதோடு செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தொழிற்சாலை முதலுதவி அறைகளுக்கும் சென்று சொல்லித் தருவது. துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, அந்த உறையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரடியாகத் தோலைத் தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். இதைத் தவறாகச் செய்து கொண்டுவரும் கைகளை இன்றும் பார்க்கிறோம்.

2. மருந்து, ஆய்வகம், தோல் பரிசோதனை

பொருத்திய கையை உடல் அந்நியமாகவே பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றும் வழக்கமாகத் தொடரும். இவற்றை ஆயுள் முழுவதும் யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைப்பது வேறு, பத்தாவது ஆண்டின் மாத்திரைக்குப் பொறுப்பேற்பது வேறு. வாய்மொழி உறுதி, அதிகாரி மாறிப் போகும்போது கூடவே போய்விடும்.

டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் பார்க்கும் வசதி உள்ளேயே இருக்க வேண்டும், அல்லது அன்றைக்கே முடிவு தரும் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் வேண்டும். முதல் மாதங்களில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 15 நானோகிராம் வரை வைத்திருந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பது வழக்கம். மிகுந்தால் சிறுநீரகம் கெடும், குறைந்தால் கையே போகும். மூன்று நாள் கழித்து வரும் முடிவால் பயனில்லை.

உடல் அந்தக் கையை எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பு முதலில் தோலில்தான் தெரியும். நான்கு மில்லிமீட்டர் அளவுத் தோல் துண்டை எடுத்து, நிராகரிப்பின் தீவிரத்தைப் பான்ஃப் அளவுகோலின்படி 0 முதல் 4 வரை தரம் பிரிக்கத் தெரிந்த நோய்க்குறியியல் மருத்துவர் தேவை. உள்ளூரில் இல்லையென்றால், கண்ணாடி வில்லைகளின் படங்களை அனுப்பி அன்றே கருத்துக் கேட்கும் ஏற்பாட்டைச் சென்னையிலோ கோவையிலோ உள்ள ஒரு மையத்தோடு முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

3. பயிற்சியாளரும் தங்குமிடமும்

திட்டத்தில் மிகக் குறைவாகச் சம்பளம் ஒதுக்கப்படுவதும், மிக அதிகமாகத் தேவைப்படுவதும் கைப் பயிற்சியாளர்தான். தினமும் நான்கைந்து மணி நேரம், ஓராண்டுக்கு மேல். பொதுப் பிசியோதெரபிப் பிரிவில் முழங்கால் வலிக்காரர்களுக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கினால் விரல்கள் விறைத்துவிடும். கைக்கென்றே குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் விடுப்பில் போனாலும் நோயாளியின் விரல்கள் காத்திருக்கமாட்டா. கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் செய்ய வேண்டிய வெந்நீர்த் தொட்டியும் தகடுகளும் அந்த அறையிலேயே இருக்கட்டும். வீக்கம் வடிய வடிய வாரத்திற்கு ஒருமுறை ஸ்பிளிண்ட்டை மாற்ற வேண்டிவரும்.

அஞ்செட்டியிலிருந்தோ அரூரின் மலைக் கிராமத்திலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்துபோக முடியாது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் வீடு பாருங்கள். குறைந்தது முதல் ஆண்டின் பெரும்பகுதிக்கு அதன் வாடகை திட்டச் செலவில் சேர வேண்டும். துணைக்கு இருப்பவர் இழக்கும் தினக்கூலியையும் கணக்கில் எடுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாவது மாதமே அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

4. அனுமதி

மேலே சொன்ன மூன்றும் காகிதத்தில் உறுதியான பிறகு விண்ணப்பியுங்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு திசுக்களையும் உள்ளடக்குகிறது. நடைமுறை 2014ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் படிவம் 12. உறுப்பை எடுக்க மட்டும் பதிவு செய்யும் மருத்துவமனைக்குப் படிவம் 13. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்.

சிறுநீரகத்திற்கு வாங்கிய அனுமதி கைக்கும் பொருந்தும் என்று நினைப்பது அடிக்கடி காணும் தவறு. ஒவ்வோர் உறுப்புக்கும் தனி அனுமதி தேவை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரை நியமிக்காமல் பதிவு கிடைக்காது. இருக்கும் செவிலியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாக இதைக் கொடுக்காதீர்கள். கொடையாளர் கிடைக்கும் இரவில் அவரும் வார்டு பணியில்தான் இருப்பார்.

என் கருத்தில், மாவட்ட அளவிலான மருத்துவமனை உறுப்பு எடுக்கும் மையமாக முதலில் பதிவு செய்வது நல்லது. தொப்பூர் கணவாயும் தேசிய நெடுஞ்சாலைகளும் இருக்கும் பகுதி இது. தலைக்காயத்தோடு வருபவர்களுக்கு மூளைச்சாவை முறையாக அறிவிக்கும் பழக்கம் ஊன்றிவிட்டால், பின்னால் வரும் படிகள் பாதி எளிதாகும்.

5. கடிகாரத்தை வைத்து வரைபடம்

கையில் தசை அதிகம், சிறுநீரகம்போல் நெடுநேரம் தாங்காது. ரத்தம் நின்றது முதல் மறுபடி ஓடுவது வரை ஆறு மணி நேரத்திற்குள் வைத்துக்கொள்ள முயலுங்கள். எலும்பைப் பிணைத்து முதல் தமனியைத் தைக்கவே இரண்டு மணி நேரத்திற்கு மேல் போகலாம். கையை எடுத்துக் குளிர் திரவத்தால் அலசிக் கட்டும் நேரத்தையும் கழித்தால், பயணத்திற்கு மிஞ்சுவது சுமார் இரண்டு மணி நேரம்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து சேலமும் வேலூரும் இந்த வட்டத்திற்குள் வரும். தருமபுரிக்குச் சேலம் இன்னும் அருகில். சென்னை சாலை வழியில் வராது. கோவையும் தள்ளிப்போகும். உறுப்பு வண்டி நிற்காமல் போகச் சாலையை ஒழுங்கு செய்து தரும் பசுமை வழித்தடத்தைக் காவல் துறையிடம் கேட்கும்போது, தொப்பூரில் லாரி கவிழ்ந்தால் எந்த மாற்றுப்பாதை என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறதே என்று எல்லோரும் கேட்பார்கள். உறுப்புப் பங்கீடு மாநில எல்லையைப் பார்த்து நடக்கிறது. இங்கே அதைக் கவனிக்கும் அமைப்பு டிரான்ஸ்டான், அங்கே ஜீவசார்த்தகதே. அந்தந்த மாநிலத்தில் ஏற்க ஆளில்லாதபோதுதான் எல்லை தாண்டும். பெங்களூருவை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

6. பெறுநரைத் தேர்ந்தெடுத்தல்

முதல் நோயாளி இரண்டு கைகளையும் இழந்தவராக, முழங்கைக்குக் கீழே துண்டானவராக இருக்கட்டும். ஒரு கை இருப்பவர் அதைக் கொண்டே பெரும்பாலான வேலைகளைச் செய்துகொள்வார். அவருக்கு ஆயுள்கால மருந்தின் ஆபத்தை ஏற்றுவது நியாயமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். முழங்கைக்குக் கீழே என்பதற்குக் காரணம், விரல்களை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருப்பது. அவை நோயாளியின் சொந்தத் தசையாக எவ்வளவு மிஞ்சியிருக்கின்றனவோ, அவ்வளவு விரைவாக அசைவு வரும்.

இரு கைகளையும் இழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உயர் அழுத்த மின்சாரம். இவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மின்சாரம், வெளியே தெரியும் காயத்திற்கு மேலேயும் ரத்தக்குழாயைக் கெடுத்திருக்கும் என்பதால், ஆஞ்சியோகிராம் இல்லாமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அடுத்து, தீக்காய வார்டில் நிறைய ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதனால் உடலில் எதிர்ப்பொருள்கள் பெருகி, எந்தக் கொடையாளரின் கையும் பொருந்தாமல் போகலாம். அந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்தால், ஓராண்டு வீண் நம்பிக்கை கொடுக்காமல் தப்பலாம். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்ஐவி, சைட்டோமெகலோ வைரஸ், சிறுநீரகம், சர்க்கரை ஆகிய சோதனைகள் வழக்கம்போல் உண்டு.

செயற்கைக் கையை உண்மையாகவே சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தாரா என்று கேளுங்கள். அது போதுமென்று அவருக்குத் தோன்றினால் நல்லது, அங்கேயே நிற்கலாம்.

மனநல மதிப்பீட்டைக் குழுவுக்கு வெளியே உள்ள மருத்துவர் செய்ய வேண்டும். அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும் என்ற ஆர்வம் குழுவில் உள்ள எல்லோருக்கும் தொற்றிவிடும். 1998இல் பிரான்சின் லியோன் நகரில் கை பொருத்தப்பட்டவர் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விட்டதால், 2001இல் அந்தக் கையை அகற்ற நேர்ந்தது. அறுவைச் சிகிச்சை அங்கே நன்றாகத்தான் முடிந்திருந்தது.

ஒப்புதல் பேச்சு நோயாளியின் வீட்டு மொழியில் நடக்கட்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகள். தமிழ்ப் படிவத்தில் கைரேகை வைக்கவும் விரல் இல்லாதவரிடம், தலையசைத்துவிட்டார் என்று ஒப்புதல் எழுதுவது ஒப்புதல் ஆகாது. “மாத்திரை ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன நடக்கும், நீங்களே சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டு, அவர் வாயால் வரும் பதிலைப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. இரு கைகளும் இல்லாதவரால் மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாது. அறுவைக்குப் பின்னும் பல மாதங்கள் அதே நிலைதான். ஆகவே மருந்தை நேரத்திற்குத் தருவது மனைவியோ தாயோ தம்பியோதான். தேர்வு நேர்காணல் அவருக்கும் உண்டு.

7. கொடையாளரின் குடும்பத்திடம் பேசுதல்

இந்தப் படியை அவசரமாகச் செய்த இடங்களில் திட்டம் மட்டுமல்ல, மருத்துவமனையின் பெயரும் ஊரில் கெட்டிருக்கிறது.

மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் படிவம் 10இல் கையெழுத்திட வேண்டும். மாற்று அறுவைக் குழுவில் இருப்பவர் யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. மரணச் செய்தியைச் சிகிச்சையளித்த மருத்துவர் சொல்வார். ஒருங்கிணைப்பாளர் அந்த அறையில் அப்போது இருக்க வேண்டியதில்லை. செய்தி மனத்தில் இறங்கி, “அடுத்து என்ன செய்வது?” என்று குடும்பமே கேட்கும்வரை பொறுக்க வேண்டும்.

முதலில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் பற்றிக் கேளுங்கள். அதற்குச் சம்மதித்த குடும்பத்திடம் மட்டும் கையைத் தனியாகக் கேளுங்கள். உள்ளுறுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கை அப்படியல்ல, பிள்ளை பிடித்து நடந்த கை அது. உறுப்பு தானத்திற்குப் பொதுவாகத் தலையாட்டியவர்கள், கை எடுத்ததைப் பிணவறையில் பார்த்து அதிர்ந்தால் அந்தக் காயம் ஆறாது. படிவம் 8இல் கைகளைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதச் செய்யுங்கள். மறுத்தால் ஒரு சொல் கூட வற்புறுத்தாமல், மற்ற உறுப்புகளின் வேலைக்குத் திரும்பிவிடுங்கள்.

சட்டப்படி கையெழுத்திடுவது நெருங்கிய உறவினர். ஆனால் நம் ஊர்க் குடும்பங்களில் தாய்மாமனும் பங்காளிகளும் வந்து சேர்வதற்குள் முடிவெடுத்தால், விடிந்தபின் பிணவறை வாசலில் தகராறு வரும். அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

செயற்கைக் கை பற்றி முன்பே சொல்லுங்கள். உடலைக் கொடுக்கும்போது அளவெடுத்துச் செய்த, தோல் நிறத்திற்கு ஒத்த கைகளைப் பொருத்தித் தருவோம் என்பது உறுதியான வாக்காக இருக்க வேண்டும். உடலைக் குளிப்பாட்டுவார்கள், கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், மாலை போடுவார்கள். தண்ணீர் பட்டதும் கழன்று விழும் கையைப் பொருத்தி அனுப்புவது கொடுமை. பல அளவுகளில் முன்கூட்டியே வாங்கிச் சேமித்து, நனைத்து, இழுத்துப் பார்த்து வையுங்கள்.

விபத்து மரணம் என்றால் காவல் நிலையத்திற்கும் பிரேதப் பரிசோதனை மருத்துவருக்கும் உடனே தகவல் போக வேண்டும். கையில் காயமோ தாக்குதலைத் தடுத்த அடையாளமோ இருந்து அது வழக்குக்குச் சான்றாகலாம் என்றால், அந்தக் கையைத் தொடாதீர்கள்.

பெறுநரின் பெயரையோ ஊரையோ குடும்பத்திடம் சொல்லக் கூடாது. செய்தியாளர்களிடமும் அப்படியே.

8. ஒத்திகை

இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உடற்கூறியல் துறையோடு பேசி, தானமாக வந்த உடல்களில் முழு ஒத்திகை நடத்துங்கள். இரட்டைக் கை என்றால் கொடையாளர் பக்கம் இரண்டு குழு, பெறுநர் பக்கம் இரண்டு குழு, மொத்தம் நான்கு. மயக்கவியல் தனி.

ஒத்திகையில் முதலில் பழக வேண்டியது, ஒவ்வொரு தசைநாணுக்கும் நரம்புக்கும் பெயர்ச்சீட்டு கட்டுவது. முன்கையின் குறுக்கு வெட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தசைநாண்கள் ஒன்றுபோல் வெள்ளையாக நிற்கும். எட்டு மணி நேரம் விழித்த கண்களுக்கு எல்லாம் ஒன்றுதான். இரு பக்கக் குழுவும் ஒரே சீட்டு முறையைப் பின்பற்றாவிட்டால், பெருவிரலின் நாண் ஆள்காட்டி விரலில் சேர்ந்துவிடும்.

நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி ஒருமுறையாவது எல்லோரையும் அழைத்துப் பாருங்கள். யாருடைய கைப்பேசி அணைந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

9. அந்த இரவு

கொடையாளர் மருத்துவமனையில் உயிர்காக்கும் உறுப்புகளுக்குத்தான் முன்னுரிமை. ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் மட்டும், மற்றக் குழுக்களின் ஒப்புதலோடு, மேல்கையில் இறுக்குப் பட்டை கட்டிக் கைகளை எடுக்கலாம். நிலை தடுமாறினால் கையை விட்டுவிடுங்கள். இதயக் குழுவோடு இதை அந்த இரவில் வாதிடக் கூடாது, முன்பே எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

பெறுநரை மயக்கத்தில் ஆழ்த்துவதற்கு முன் ரத்தப் பொருத்தச் சோதனை முடிவு வந்திருக்க வேண்டும். பிறகு வழக்கமான வரிசை: எலும்பைத் தகடால் பிணைத்தல், தமனிகள், சிரைகள், தசைநாண்கள், நரம்புகள், தோல். எலும்பு முதலில் வருவது, அது அசைந்தால் மேலே தைத்த குழாய்கள் எல்லாம் கிழியும் என்பதால். இரண்டு கைகளுக்கும் ஒரே நொடியில் ரத்தத்தைத் திறந்துவிடாதீர்கள். தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒருசேரத் திரும்பினால் இதயம் தடுமாறும். மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திறவுங்கள்.

10. முதல் ஆண்டு

பெரும்பாலான பெறுநர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒருமுறையாவது நிராகரிப்பு எட்டிப் பார்க்கும். அது தோல்வியல்ல, பிடித்துவிட்டால் மருந்தில் அடங்கிவிடும். பாடநூல் சொல்லும் செந்நிறத் தடிப்பு நம் கருந்தோலில் எளிதாகத் தெரியாது. முதல் நாளிலிருந்தே ஒரே வெளிச்சத்தில், ஒரே தொலைவில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். வீக்கம், தோல் உரிதல், நகத்தில் மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஐயம் வந்தால் அன்றே தோல் பரிசோதனை.

நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். நடு முன்கையிலிருந்து விரல் நுனிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் என்றால், உணர்வு எட்ட 300 நாள் ஆகும். இந்தக் கணக்கைச் சுவரில் எழுதிக் குடும்பத்திற்குக் காட்டுங்கள். இல்லையென்றால் மூன்றாம் மாதம் “கை பிடிக்கவில்லை” என்று மனம் உடைவார்கள்.

விரல் மடங்கத் தொடங்கியதும் நோயாளி ஆசையோடு கேட்பது தன் கையால் சாப்பிட. சூடான கேழ்வரகுக் களியை உணர்வில்லாத விரலால் பிட்டால், வெந்துபோவது அவருக்கே தெரியாது. ஆறவைத்த களியில் தொடங்கட்டும். உருட்டுவது நல்ல பயிற்சியும்கூட.

11. வீடு திரும்பிய பிறகு

ஊருக்குச் சென்றவரின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும், அவர் போகும் மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு பக்கத் தாள் அனுப்புங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதை அடியோடு இறக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்பளிமாசுப் பழம் கூடாது. கேட்காமல் நாட்டு மருந்தும் கூடாது.

ரத்தச் சோதனை நாளில் பெரிய குழப்பம் ஒன்று வரும். காலை மாத்திரைக்கு முன், முந்தைய மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் பென்னாகரத்திலிருந்து முதல் பஸ் பிடிப்பவர், வழக்கம்போல் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வருவார். அளவு மிகுதியாகக் காட்டும். மருத்துவர் மருந்தைக் குறைப்பார். சில வாரங்களில் தோல் தடிக்கும். “கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?” என்ற கேள்வி ஆய்வகச் சீட்டிலேயே அச்சாகியிருக்கட்டும். பதில் எழுதாத சீட்டுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது.

கையை அகற்ற நேரிடும் நாளுக்கும் திட்டம் எழுதி வையுங்கள்: எந்த நிலையில், யார் முடிவெடுப்பது, பிறகு செயற்கைக் கைக்கு யார் பொறுப்பு என்று. தேர்வு நேர்காணலிலேயே நோயாளி இதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் நோயாளி ஓராண்டைக் கடந்து, அவருடைய மருந்துப் பதிவேட்டிலும் பயிற்சி அட்டையிலும் இடைவெளி இல்லை என்று ஒருங்கிணைப்பாளர் காட்டும்வரை இரண்டாவது பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் ஏற்றாதீர்கள்.